கணினியைக் கைமாற்றும் முன் கவனிக்க வேண்டியவை

2020ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் நாள் நம் நாட்டில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடைமுறைக்கு வந்தது. பள்ளிகள் மூடப்பட்டன, பாடங்கள் இணையத்தின் வழி நடைபெற்றன. பிள்ளைகளின் கல்வி தடைபடலாகாது என்று கருதிய பெற்றோர் பலர், சேமித்த பணத்தைக் கொண்டும் தவணை முறையிலும் மடிக்கணினிகளை வாங்கினர். அன்று வாங்கியவை இன்று பழையனவாகிவிட்டன. விண்டோஸ் 10 என்னும் இயங்குதளத்திற்கு அளிக்கப்பட்டு வந்த வழக்கமான பாதுகாப்பு ஆதரவும் 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு முடிவுற்றது. ஆகவே, பழைய கணினியை விற்றுவிடலாம் அல்லது உறவினர் பிள்ளைக்குக் கொடுத்துவிடலாம் என்னும் எண்ணம் பல வீடுகளில் எழுவது இயல்பே.

ஒரு பொருளை வீணாக்காமல் பிறருக்குப் பயன்படச் செய்வது நல்ல பழக்கமாகும். ஆனால், கணினி மிதிவண்டியைப் போன்றதன்று. மிதிவண்டி தன்னை ஓட்டியவரைப் பற்றி எவரிடமும் எதுவும் சொல்லாது. கணினியோ தன் உரிமையாளரின் அடையாள அட்டைப் படம், சம்பளச் சீட்டு, ஊழியர் சேமநிதிக் கணக்கு, வங்கிக் கணக்கின் மறைச்சொல், பிள்ளைகளின் விண்ணப்பங்கள், குடும்பப் புகைப்படங்கள் ஆகிய அனைத்தையும் தன்னுள் வைத்திருக்கும். இவற்றோடு கணினியைக் கைமாற்றுவது, வீட்டுச் சாவியையும் பெட்டிச் சாவியையும் முன்பின் அறியாதவரிடம் கொடுப்பதற்கு ஒப்பாகும்.

அழித்தும் அழியாதது

“நாங்கள்தாம் எல்லாவற்றையும் அழித்துவிட்டோமே, குப்பைத் தொட்டியையும் காலி செய்துவிட்டோமே” என்று சிலர் கூறலாம். இங்கேதான் நாம் ஓர் உண்மையை அறிந்துகொள்ள வேண்டும்.

தோட்டத்து லயத்தில் ஒரு குடும்பம் வீட்டைக் காலி செய்கிறது என்று வைத்துக்கொள்வோம். அலுவலகத்தில் கிராணி தம் பதிவேட்டில் அக்குடும்பத்தின் பெயரை அடித்துவிட்டு, அவ்வீடு காலி என்று எழுதுகிறார். பதிவேட்டைப் பார்ப்பவருக்கு வீடு காலிதான். ஆனால், அக்குடும்பம் விட்டுச் சென்ற பெட்டியும் பாயும் உள்ளேயே கிடக்கின்றன. வேறொரு குடும்பம் குடிவந்து அவற்றை அப்புறப்படுத்தும் வரை கதவைத் திறப்பவர் எவரும் அவற்றைக் காணலாம்.

கணினியிலும் இவ்வாறே நடைபெறுகிறது. ஒரு கோப்பை அழிக்கும்போது, பட்டியலில் உள்ள அதன் பெயர் நீக்கப்பட்டு, அவ்விடம் காலி என்று குறிக்கப்படுகிறது. வன்தட்டில் எழுதப்பட்ட செய்தியோ, அதன்மீது வேறு செய்தி எழுதப்படும் வரை அங்கேயே இருக்கும். இத்தகைய செய்தியை மீட்டெடுக்கும் மென்பொருள்களை எவரும் எளிதில் பெறலாம். விரைவு முறையில் வட்டைத் தயார் செய்வதும் பெரும்பாலும் பட்டியலைப் புதுப்பிக்கிறதே அன்றி, செய்தியைத் துடைப்பதில்லை.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர் இருவர் 158 பழைய வன்தட்டுகளை விலைக்கு வாங்கி ஆராய்ந்து, 2003ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டனர். இயங்கிய 129 தட்டுகளுள் 12 மட்டுமே முறையாகத் துடைக்கப்பட்டிருந்தன. மற்றவற்றில் கடிதங்களும், 5,000க்கும் மேற்பட்ட கடன் அட்டை எண்களும் கிடைத்தன. பணப்பட்டுவாடா இயந்திரம் ஒன்றில் இருந்ததாகத் தோன்றிய தட்டும் அவற்றுள் ஒன்று. நிறுவனங்களே இவ்வாறு கவனம் தவறும்போது, நாம் இரு மடங்கு விழிப்பாக இருக்க வேண்டுமன்றோ?

செய்ய வேண்டிய முறை

1. வேண்டியவற்றை முதலில் பிரதி எடுங்கள். படங்கள், சான்றிதழ்கள், பள்ளிப் பயிற்சிகள் ஆகியவற்றை விரலியிலோ வெளித்தட்டிலோ பதிந்து, அவை மற்றொரு கணினியில் திறக்கின்றனவா என்று சோதித்துப் பாருங்கள். துடைத்த பின் வருந்திப் பயனில்லை.

2. மின்னஞ்சல், முகநூல், வங்கி முதலிய எல்லாக் கணக்குகளிலிருந்தும் வெளியேறுங்கள். கணினியில் வாட்ஸ்அப் பயன்படுத்தியிருந்தால், கைப்பேசியில் இணைக்கப்பட்ட சாதனங்களின் பட்டியலைத் திறந்து, அக்கணினியை நீக்குங்கள்.

3. கணினியில் செருகியிருக்கும் விரலி, நினைவக அட்டை ஆகியவற்றை எடுத்துவிடுங்கள். மின்னிணைப்பைக் கொடுங்கள், இவ்வேலை சில மணி நேரம் நீடிக்கலாம்.

4. விண்டோஸ் 11 கணினியில் ‘செட்டிங்ஸ்’, ‘சிஸ்டம்’, ‘ரெக்கவரி’ என்னும் வரிசையில் சென்று, ‘ரீசெட்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். விண்டோஸ் 10இல் ‘ரெக்கவரி’ என்பது ‘அப்டேட் அண்ட் செக்யூரிட்டி’ பகுதியில் உள்ளது. அடுத்து, எல்லாவற்றையும் அகற்று என்று பொருள்படும் ‘ரிமூவ் எவ்ரிதிங்’ என்பதைத் தெரிவு செய்யுங்கள்.

5. இங்கே அவசரப்படலாகாது. அமைப்பை மாற்றும் பகுதியைத் திறந்து, ‘கிளீன் டேட்டா’ என்பதற்கு ஆம் என்று குறியிடுங்கள். இதுவே செய்தியைத் துடைக்கும் கட்டளை. இதனை விட்டுவிட்டால், பெயர்ப்பட்டியலை அடித்த கதையாகவே முடியும்.

6. வேலை முடிந்ததும் கணினி மொழியையும் நாட்டையும் கேட்கும். அத்துடன் நிறுத்தி, கணினியை அணைத்துவிடுங்கள். புதிய உரிமையாளர் தம் பெயரைத் தாமே பதிந்துகொள்வார்.

தட்டின் வகையையும் அறிந்திருத்தல் நன்று. சுழலும் வன்தட்டின் முழுப் பரப்பிலும் ஒரு முறை புதிதாக எழுதினாலே பழைய செய்தி மறைந்துவிடும். ‘எஸ்எஸ்டி’ எனப்படும் திடநிலைத் தட்டு வேறு வகையானது. அது தேய்மானத்தைச் சமப்படுத்தும் பொருட்டு, செய்தியைப் பல அறைகளுக்கு மாற்றி மாற்றி எழுதும். ஆகவே தனிக் கோப்பின்மீது மேலெழுதுவதால் அது அழிந்துவிட்டதாகக் கொள்ள இயலாது. இத்தகைய தட்டுக்குத் தயாரித்த நிறுவனம் வழங்கும் துடைப்புக் கட்டளையே ஏற்றது. விவரம் அறிந்த இளைஞர் ஒருவரின் துணையை நாடுங்கள். ஆனால் வேலை முடியும் வரை அருகில் இருங்கள். “கடையில் அழித்துக்கொள்வார்கள்” என்று விட்டுவிடுவது சரியன்று.

இயங்காத கணினி

கணினி இயங்கவில்லை என்பதால் அதிலுள்ள செய்தி மறைந்துவிடுவதில்லை. தட்டைக் கழற்றி மற்றொரு கணினியில் பொருத்தினால் அது பேசத் தொடங்கிவிடும். எனவே, பழுதான கணினியைப் பழைய சாமான் வாங்குபவரிடம் கொடுக்கும் முன், தட்டைக் கழற்றி எடுத்துக்கொள்ளுங்கள். அதைப் பாதுகாத்து வைக்கலாம்; அல்லது துளையிட்டு அழிக்கலாம். திடநிலைத் தட்டானால் அதிலுள்ள ஒவ்வொரு கரிய சில்லும் உடைபட வேண்டும். மின்கலத்தை மட்டும் குத்தவோ உடைக்கவோ கூடாது, அது தீப்பற்றும். மீதியைத் தோட்டத்துக் குப்பைக் குழியில் எறிவதும் எரிப்பதும் நிலத்திற்கும் நீருக்கும் கேடு. மின்னியல் கழிவு சேகரிக்கும் இடத்தில் ஒப்படைப்பதே முறை.

பிறர் விவரங்கள்

கூட்டுறவுக் கடை, ஆலயக் குழு, இளைஞர் மன்றம் ஆகியவற்றின் கணினியில் உறுப்பினர் பலரின் அடையாள அட்டை எண்கள் இருக்கும். அவற்றைக் காப்பது பொறுப்பாளரின் கடமை. 2013 நவம்பர் 15ஆம் நாள் நடைமுறைக்கு வந்த 2010ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், வாணிபத் தொடர்பில் பெற்ற விவரங்களைத் தேவை முடிந்ததும் நிரந்தரமாக அழிக்குமாறு பணிக்கிறது. பள்ளியோ அலுவலகமோ இரவலாகத் தந்த கணினியாயின், அவர்களைக் கேட்ட பிறகே எதையும் துடைக்க வேண்டும்.

துடைக்காமலே கணினியைக் கொடுத்துவிட்டவர்கள் மனம் தளர வேண்டியதில்லை. இன்றே வேறொரு சாதனத்தின் வழி மின்னஞ்சல், வங்கி, சேமநிதி ஆகியவற்றின் மறைச்சொற்களை மாற்றுங்கள். பிற சாதனங்கள் அனைத்திலிருந்தும் கணக்கை வெளியேற்றுங்கள். மோசடியால் பணம் பறிபோனதாக அறிந்தால், உடனே வங்கிக்கோ, 997 என்னும் எண்ணில் தேசிய மோசடி நடவடிக்கை மையத்திற்கோ தெரிவியுங்கள். தாமதிக்கும் ஒவ்வொரு மணி நேரமும் பணத்தை மீட்பதைக் கடினமாக்கும்.

விடியுமுன் எழுந்து மரம் வெட்டி ஈட்டிய பணம் அது. சில மணி நேரக் கவனத்தால் அதனைக் காத்துக்கொள்ள முடியுமாயின், அக்கவனத்தைச் செலுத்த நாம் தயங்கலாமா?