ஒரு கிராம் நிலக்கரியின் சாட்சியம்

1930களின் நடுவில், அன்றைய தென்னார்க்காடு மாவட்டத்தின் நெய்வேலியில், ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் தோண்டிய கிணற்றிலிருந்து தண்ணீரோடு கறுப்பாக ஏதோ மேலே வந்தது. பின்னாளில் ஒரு நகரத்தையே எழுப்பிய அந்தத் துகள் அன்று சொன்ன சேதி ஒன்றுதான்: கீழே பழுப்பு நிலக்கரி இருக்கிறது. எவ்வளவு ஆழத்தில், எத்தனை மீட்டர் கனத்தில், எத்தனை ஊர்களுக்கு அடியில் என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. தண்ணீர் எங்கே தேவைப்பட்டதோ அங்கே கிணறு வெட்டினார்கள். நிலக்கரியை அளக்க வெட்டவில்லை. ஒரு பொருள் இருக்கிறது என்று நிறுவ தற்செயலாகக் கிடைத்த ஒரு சான்று போதும். எவ்வளவு இருக்கிறது என்று சொல்ல, திட்டமிட்டு எடுத்த மாதிரி வேண்டும். 1940களில் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை பல இடங்களில் ஆழ்துளையிட்டுப் பார்த்தது அதற்காகத்தான். 1956இல் அந்த நிலக்கரியை எடுப்பதற்கான நிறுவனம் பிறந்தது. 1957 மே 20 அன்று நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். சுரங்கத்தில் நிலக்கரிப் படுகை கண்ணுக்குத் தெரிந்ததோ 1961 ஆகஸ்டில். இடைப்பட்ட ஆண்டுகளில் மலை மலையாக மண்ணை அள்ளிக் கொட்டிய துணிச்சலுக்கு அடிப்படை, துளைகள் தந்த கணக்கு.

அதே கேள்வி இன்று ஒவ்வொரு நாளும் எழுகிறது. மின்நிலையக் கொதிகலனுக்குப் போகும் நிலக்கரியில் ஈரம் எவ்வளவு, சாம்பல் எவ்வளவு? நெய்வேலி நிலக்கரியில் ஏறத்தாழ பாதி ஈரம்தான். ஆய்வகத்தில் இதைச் சொல்வது மூசையில் வைத்துச் சூடாக்கும் ஏறத்தாழ ஒரு கிராம் பொடி. ஆயிரக்கணக்கான டன்னுக்கு ஒரு கிராம் எப்படிச் சாட்சி சொல்ல முடியும்? 'ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்' என்ற பழமொழியைச் சிலர் துணைக்கு அழைப்பார்கள். அந்தப் பழமொழி சரிதான், ஆனால் பானைக்குள் தண்ணீர் கொதித்து அரிசியைப் புரட்டிக்கொண்டே இருப்பதால் சரி. நிலக்கரிக் குவியலை யாரும் அப்படிப் புரட்டுவதில்லை. மேலிருந்து கொட்டும்போது பெரிய கட்டிகள் சரிவில் உருண்டு அடிவிளிம்பில் சேர்கின்றன. தூள் நடுவில் தங்கிவிடுகிறது. கைக்கு எட்டும் விளிம்பில் ஒரு சட்டி அள்ளினால் கட்டிகளின் குணம்தான் தெரியும். எனவே கவனமான மாதிரியெடுப்பு குவியலை விட்டுவிட்டு, ஓடும் கன்வேயர் பெல்ட்டுக்குப் போகிறது. பெல்ட்டில் வருவதை அதன் முழு அகலத்துக்கும் வெட்டி எடுக்கிறது. அங்கேதான் ஒவ்வொரு துண்டுக்கும் மாதிரியில் இடம்பெற ஒரே அளவு வாய்ப்பு உண்டு. பிறகு நொறுக்கி, கூம்பாகக் குவித்து, நான்காகப் பிரித்து, எதிரெதிரான இரு பகுதிகளை மட்டும் வைத்துக்கொண்டு, மறுபடி கலந்து, மறுபடி பிரித்து என்று அந்த ஒரு கிராம் வரை வருகிறார்கள். அதன் நம்பகத்தன்மை இந்தப் பயணத்தில் இருக்கிறது.

பெல்ட்டிலும் ஒரு பொறி உண்டு. குறிப்பிட்ட நிமிடத்துக்கு ஒருமுறை எடுப்பதை முறைசார் மாதிரி என்பார்கள். எளிது, செலவும் குறைவு. ஆனால் சுரங்கத்தில் நிலக்கரியை வெட்டும் வாளிச்சக்கர இயந்திரம் இடமும் வலமுமாக அசைந்து சுரண்டுவதால், பெல்ட்டில் வரும் பொருளுக்கும் ஒரு தாளம் இருக்கக்கூடும். நம் இடைவெளியும் அந்தத் தாளமும் ஒத்துப்போனால், ஒவ்வொரு முறையும் சுரங்கமுகத்தின் ஒரே மூலையைத்தான் பார்த்துக்கொண்டிருப்போம். காலத்தைச் சிறு கூறுகளாகப் பிரித்து, ஒவ்வொரு கூறுக்குள்ளும் ஒரு நொடியைக் குலுக்கலில் தேர்ந்தால் இந்தப் பொறி உடைகிறது.

நிறைய எடுத்தால் பிழை தானே கரையாதா என்று கேட்கலாம். குருட்டு வாய்ப்பால் வரும் பிழை கரையும், அதுவும் மெதுவாக: ஒரு கருத்துக்கணிப்பில் 400 பேரைக் கேட்டால் சுமார் 5 விழுக்காடு முன்பின்; அதைப் பாதியாக்க 1,600 பேர் வேண்டும். எடுக்கும் முறையிலேயே இருக்கும் சாய்வோ எண்ணிக்கைக்கு மசியாது. இந்தியாவில் இதை வயல்வெளியே காட்டியது. 1940களில் புள்ளியியலாளர்கள் மகலனோபிஸும் சுகாத்மேயும் பயிர் அறுவடைப் பரிசோதனைகளில் ஈடுபட்டிருந்தபோது, மிகச் சிறிய துண்டு நிலங்களில் அறுத்தால் விளைச்சல் கூடுதலாகத் தெரிவது வெளிப்பட்டது. எல்லைக்கோட்டில் நிற்கும் பயிரை அறுப்பவர் தம்மையறியாமல் உள்ளே சேர்த்துவிடுகிறார். துண்டு சிறியதாகும்போது பரப்பை நோக்க எல்லை நீள்கிறது. அப்படி ஆயிரம் துண்டுகளை அறுத்தாலும் ஆயிரமும் ஒரே பக்கம்தான் சாயும்.

கிடைத்த தரவு எந்த வகை என்று பார்ப்பதும் இதே அக்கறையில் சேரும். சுரங்கம் 1, சுரங்கம் 2, சுரங்கம் 1ஏ என்பவை எண் வேடமிட்ட பெயர்கள். கூட்டிச் சராசரி காண முடியாது. நெய்வேலி நகரியத்தின் வட்டங்களுக்கு (பிளாக்குகளுக்கு) இட்ட எண்களும் அப்படியே. இருப்பை நிரூபிக்கப்பட்டது, சுட்டப்பட்டது, ஊகிக்கப்பட்டது என்று பிரிப்பது வரிசைத் தரவு. நம்பிக்கையின் படிகள் தெரியும், படிகளின் உயரம் தெரியாது. ஈரத்தின் விழுக்காடோ உண்மையான அளவு. 50 என்பது 25ஐப் போல இரு மடங்குதான். அந்த அளவும், மாதிரியைத் திறந்த சட்டியில் வெயிலில் வைத்தால் ஆய்வகம் சேர்வதற்குள் மாறிவிடும்.

இந்த எச்சரிக்கையெல்லாம் மனிதர்களிடம் போகும்போதுதான் எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகிறது. நெய்வேலி வட்டாரத்தில் தூசியும் சுவாச நோயும் பற்றி ஒருவர் ஆய்வு செய்ய விரும்புவதாக வைத்துக்கொள்வோம். மருத்துவமனைப் பதிவேடு கையருகே இருக்கும் இரண்டாம் நிலைத் தரவு. ஆனால் அதில் இருப்பவர் மருத்துவமனைக்கு வர முடிந்தவர் மட்டுமே. நகரியத்தின் நேரான தெருக்களில் வீடுவீடாகக் கேட்பது சுலபம். அங்கே கிடைப்பது பெரும்பாலும் நிரந்தர ஊழியர் குடும்பங்களின் கதை. நகரியம், ஒப்பந்தத் தொழிலாளர் குடியிருப்புகள், சுரங்கத்தை ஒட்டிய கிராமங்கள் என்று அடுக்குகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் குலுக்கலில் வீடுகளைத் தேர்ந்தால்தான் வட்டாரம் முழுதும் பேசும். செலவு கூடும் என்பது நியாயமான மறுப்பு. ஒப்பந்தத் தொழிலாளருக்கு முழுமையான பெயர்ப்பட்டியல் கிடைப்பது கடினம் என்பது அதைவிட வலுவான மறுப்பு. அங்கே ஆய்வாளர்களே தெருவில் இறங்கி வீடுகளை எண்ணிப் பட்டியல் போட வேண்டும். மாதிரியின் அளவைக் குறைத்தாவது அதற்குப் பணம் ஒதுக்குவது சரி என்பேன். குலுக்கலில் வந்த வீடு பகலில் பூட்டியிருந்தால், திறந்திருக்கும் பக்கத்து வீட்டில் கேட்டு எழுதிக்கொள்ளத் தோன்றும். பூட்டிய வீட்டுக்காரர் இரண்டாம் ஷிஃப்டில் சுரங்கத்துக்குள் இருக்கக்கூடும். மறுநாள் காலையில் போய் அதே கதவைத்தான் தட்ட வேண்டும்.