லாயத்தில் பிறந்த பட்டம்

‘மார்ஷல்’ என்றதும் நம் மனத்தில் வந்து நிற்பவர் சாம் மானெக்‌ஷா. 1971 போரை வென்று, 1973-ல் இந்தியாவின் முதல் ஃபீல்டு மார்ஷல் ஆனவர். ஓய்வுக்காலத்தைக் குன்னூரில் கழித்த அவருடைய கல்லறை உதகையில் இருக்கிறது.

ராணுவத்தின் உச்சிப் பட்டமாகிவிட்ட அந்தச் சொல் பிறந்தது குதிரை லாயத்தில்.

அன்று, பழைய ஜெர்மானிய மொழியில் ‘மரஹ்’ என்றால் குதிரை, ‘ஸ்கால்க்’ என்றால் ஏவலாள். புல் போட்டு, தண்ணீர் காட்டி, லத்தி அள்ளியவனுக்கு இரண்டும் சேர்ந்த சொல்லே பெயர். 12 குதிரைகளைப் பார்த்துக்கொள்ளும் மார்ஷலைக் கொன்றால் 40 சாலிடஸ் நாணயம் தண்டம் கட்ட வேண்டும் என்றது, அலமானியர் என்ற ஜெர்மானியக் குடியின் 8-ம் நூற்றாண்டுச் சட்டம்.

அவனை உயர்த்தியவையும் குதிரைகளே. குதிரைப்படைதான் போரின் முடிவைச் சொல்லும் என்று ஆனபின், அரசனின் குதிரைகளுக்குப் பொறுப்பானவன் படைக்கும் பொறுப்பானான். இங்கிலாந்தில் அப்பாவின் பதவியே வில்லியம் மார்ஷலுக்குக் குடும்பப் பெயரானது. 1216-ல் ஒன்பது வயதில் முடிசூடிய மூன்றாம் ஹென்றிக்காக நாட்டையே நிர்வகித்தவர் அவர். 1804-ல் நெப்போலியன் 18 பேரை மார்ஷல்களாக்கினார். அவர்களில் மூரா விடுதிக்காரர் மகன், நே பீப்பாய் செய்பவரின் மகன். எளிய வீட்டுப் பிள்ளைகளிடம் அந்தப் பட்டம் மறுபடியும் வந்து சேர்ந்தது.

இன்று, நம் மாநிலங்களவையிலும் மார்ஷல்கள் உண்டு. அவைத்தலைவரின் வருகையை அறிவிப்பதும், அவருக்கு அருகிலிருந்து உதவுவதும் அவர்கள் வேலை. 2019 நவம்பரில் அவர்களுக்கு ராணுவ உடை போன்ற புதுச் சீருடை தந்தபோது முன்னாள் படை அதிகாரிகள் எதிர்த்தார்கள், உடை மாற்றப்பட்டது. படைவீரரின் உடைக்கு உரிய மதிப்பைக் காக்க வேண்டியதுதான். ஆனால் அந்தப் பெயர் இந்த உதவியாளர்கள் இரவல் வாங்கியதல்ல. அருகிலிருந்து பணிசெய்தவரின் பெயராகத்தான் அது தொடங்கியது.

பிரெஞ்சு மொழி இதை மறக்கவே இல்லை. படைத்தலைவர் அங்கே ‘மரேஷால்’. குதிரையின் காலைத் தூக்கித் தொடையிடுக்கில் வைத்து லாடம் அடிப்பவர் ‘மரேஷால் ஃபெரான்’. இருவரையும் ஒரே சொல்லால் அழைக்கிறார்கள். அதில் லாடம் அடிப்பவர் மட்டும் இன்றும் குதிரையின் பக்கத்திலேயே நிற்கிறார்.