காப்புக் கட்டிய கரமும் கடல் கடந்து வந்த செய்தியும்

கொடியேறிய நாள் முதல் ஆலயத்தில் ஓய்வென்பதே இல்லை. அர்ச்சனைத் தட்டுடன் வரிசையில் நிற்கும் பக்தப் பெருமக்கள் ஒவ்வொருவரும் தத்தம் குடும்பத்தாரின் பெயரையும் நட்சத்திரத்தையும் குருக்களிடம் கூறுகின்றனர். மகளுக்குத் தேர்வு, மகனுக்கு வேலை, தந்தையாருக்கு அறுவைச் சிகிச்சை, மருமகளுக்குப் பேறுகாலம் என வீட்டுச் செய்திகள் அனைத்தும் குருக்களின் செவி வழியாகவே அம்பாள் சன்னிதியை அடைகின்றன. அவரும் முகம் சுளிக்காமல் கேட்டு, பெயர் பிசகாமல் சங்கல்பம் செய்து வைக்கின்றார்.

அந்தக் குருக்களின் வீட்டுச் செய்தியைக் கேட்பவர் யார்? அவருக்கும் ஒரு வீடு உண்டு. அது கும்பகோணத்திற்கோ மயிலாடுதுறைக்கோ காரைக்குடிக்கோ பக்கத்தில், கடலுக்கு அப்பால் இருக்கின்றது. வயது முதிர்ந்த பெற்றோரும் மனைவி மக்களும் அங்கே இருக்க, வேலை அனுமதியின் பேரில் அவர் மட்டும் இங்கே தனித்திருந்து இறைபணி ஆற்றுகின்றார். சிவாச்சாரியார்கள் மட்டுமல்லர், ஓதுவார்கள், நாதசுரம் தவில் கலைஞர்கள், மடைப்பள்ளிப் பணியாளர்கள், திருப்பணிக்கு வரும் ஸ்தபதிகள் ஆகியோரில் பலருடைய நிலையும் இதுவே. நம் குடும்பங்களின் நலத்தை இறைவனிடம் எடுத்துச் சொல்லும் இவர்களுக்கு இவர்களுடைய குடும்பச் செய்தி எவ்வாறு வந்து சேருகின்றது, எவ்வாறு வந்து சேர வேண்டும் என்பதை ஆலய நிர்வாகத்தினரும் உபயகாரர்களும் இத்திருவிழாக் காலத்தில் சற்றே எண்ணிப் பார்த்தல் நலம்.

கப்பல் காலம் முதல் கைப்பேசிக் காலம் வரை

சிங்கப்பூர் ஸ்ரீ மாரியம்மன் ஆலயம் 1827-ஆம் ஆண்டிலும், கோலாலம்பூர் ஸ்ரீ மகா மாரியம்மன் ஆலயம் 1873-ஆம் ஆண்டிலும் தோன்றியவை. அந்தத் தொடக்க நாள்களில் தமிழகத்திலிருந்து வந்தவர்களுக்குக் கப்பலே துணை. பிற்காலத்தில் நம் மூத்தோர் மறவாத ரஜுலா கப்பல் சென்னை, நாகப்பட்டினம் துறைமுகங்களிலிருந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் ஆட்களையும் கடிதங்களையும் சுமந்து வந்தது. கடலில் மட்டும் ஏறக்குறைய ஒரு வாரம். ஊரில் ஒருவர் காலமானால், காரியங்கள் முடிந்த பின்னரே இங்கிருப்பவர் கையில் கடிதம் கிடைக்கும்.

அக்கடிதத்திற்கும் ஒரு முறை இருந்தது. ஓரத்தில் மஞ்சள் தடவியிருந்தால் மங்கலச் செய்தி. கறுப்பு மை தடவியிருந்தால் உள்ளே இருப்பது என்னவென்று பிரிக்கும் முன்பே தெரிந்துவிடும். அதனை வீட்டுக்குள் கொண்டு செல்லாமல் வாசலிலேயே படித்துக் கிழித்துப் போட்டுத் தலை முழுகுவார்கள். பின்னர் விமானத்தில் வரும் நீல நிற மடிப்புக் கடிதம் வந்தது. அவசரத்திற்குத் தந்தி இருந்தது. தந்திச் சேவகரின் மிதிவண்டி மணியைக் கேட்டதும் அழுகையைத் தொடங்கிய வீடுகள் உண்டு. அந்தத் தந்திச் சேவையை இந்தியா 2013-ஆம் ஆண்டு ஜூலை மாதத்துடன் நிறுத்திக்கொண்டது. இன்று வாட்ஸ்அப் வழியாக நொடிப்பொழுதில் செய்தி வந்து விடுகின்றது. வழி விரைவாகியிருக்கின்றதே தவிர, செய்தியின் கனம் குறைந்துவிடவில்லை.

தாமதத்தை அறிந்திருந்த சாத்திரம்

இறைபணியில் இருப்பவருக்குக் குடும்பச் செய்தி என்பது மனத்தை மட்டும் தொடுவதன்று. அவருடைய பணியையே தொடுவது. குழந்தை பிறந்தாலும் தீட்டு, ஒருவர் இறந்தாலும் தீட்டு. தமக்கு மகன் பிறந்தான் என்ற இனிய செய்தியைக் கேட்ட குருக்கள் நீராடி, தீட்டு நாள்கள் கழியும் வரை கருவறையை விட்டு விலகி நிற்கின்றார்.

மரணச் செய்தியைப் பற்றித் தரும நூல்கள் கூறும் விதிகள் சிந்திக்கத்தக்கவை. தூர தேசத்தில் இருக்கும் மகன், தாய் அல்லது தந்தையின் மரணத்தைக் கேட்டால், கேட்ட அந்த நாள் தொடங்கிப் பத்து நாள்கள் ஆசௌசம் காக்க வேண்டும். பிற பங்காளிகளின் செய்தியைப் பத்து நாள்களுக்குள் கேட்டால், எஞ்சிய நாள்கள் மட்டுமே. அதன் பிறகு கேட்டால், காலம் கடக்கக் கடக்கத் தீட்டும் குறையும். ஓராண்டு கழித்துக் கேட்பவருக்கு நீராட்டம் மட்டுமே போதுமானது.

இதன் பொருள் என்ன? செய்தி தாமதமாக வரக்கூடும் என்பதை நம் முன்னோர் நன்கு அறிந்திருந்தனர். அறியாமல் ஒருவர் செய்த பூசையை அவர்கள் குற்றமாகக் கொள்ளவில்லை. ஆயினும், பெற்றோருக்காக மகன் காக்கும் துக்க நாள்களின் கணக்கு, அவன் செவியில் செய்தி விழும் நேரத்திலிருந்து தொடங்குகின்றது. ஆகவே, செய்தியைச் சொல்பவர் வெறும் தூதுவர் அல்லர். ஒரு மகனின் துக்கத்திற்கு நாள் குறித்துக் கொடுப்பவர் அவரே.

ஆகம மரபில் மற்றொரு ஏற்பாடும் உண்டு. மகோற்சவத்திற்கோ கும்பாபிஷேகத்திற்கோ காப்புக் கட்டிக்கொண்ட ஆசாரியரை, அக்காப்பு அவிழும் வரை தீட்டு அணுகாது என்பர். தொடங்கிய திருவிழா இடையில் நின்றுவிடக் கூடாது என்பதற்காகப் பெரியோர் வகுத்த முறை இது.

ஆறாம் நாள் வந்த அழைப்பு

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் பேரா மாநிலத்து ஆலயம் ஒன்றில் பத்து நாள் உற்சவம் நடந்துகொண்டிருந்தது. தலைமைக் குருக்கள் தஞ்சைப் பகுதியிலிருந்து வந்தவர். திருவிழாவுக்குச் சில நாள்களுக்கு முன்புதான் அவருக்கு ஊரிலிருந்து கடிதம் வந்திருந்தது. அம்மாவுக்கு உடல்நலம் இல்லை, கவலைப்பட வேண்டாம் என்று தம்பி எழுதியிருந்தார்.

ஆறாம் நாள் காலை, ஆலய அலுவலகத் தொலைபேசி ஒலித்தது. தம்பிதான் அருகிலுள்ள நகரத்திற்குச் சென்று, தொலைபேசி நிலையத்திலிருந்து அழைத்திருந்தார். தாயார் விடியற்காலையில் காலமாகிவிட்டார் என்பது செய்தி. அண்ணனிடம் சொல்லுங்கள் என்று கூறுவதற்குள் இணைப்புத் துண்டிக்கப்பட்டது.

நிர்வாகத்தினர் கூடிப் பேசினார்கள். உபயகாரர்கள் காத்திருக்கின்றார்கள். தேர்த் திருவிழா நெருங்குகின்றது. குருக்களின் மனம் உடைந்தால் உற்சவம் என்னாவது? காப்பு அவிழ்க்கும் வரை சொல்ல வேண்டாம் என்று முடிவாயிற்று. எவரும் கெட்ட எண்ணத்துடன் அந்த முடிவைச் செய்யவில்லை. அம்பாளின் காரியம் தடைபடக் கூடாது என்றே நினைத்தார்கள்.

ஒவ்வோர் இரவும் நடை சாத்திய பின், குருக்கள் அலுவலக வாசலுக்கு வந்து நின்று, ஊரிலிருந்து ஏதேனும் செய்தி உண்டா என்று கேட்பார். "எல்லாரும் சுகந்தான், சாமி. நீங்கள் போய் ஓய்வெடுங்கள்" என்று பதில் வரும். எட்டாம் நாள் மாலை அவர் தம் சொந்தப் பணத்தைக் கொடுத்து ஓர் அர்ச்சனைச் சீட்டு வாங்கினார். தாயாரின் பெயரும் நட்சத்திரமும் சொன்னார். சீட்டை எழுதிக் கொடுத்தவரின் கை நடுங்கியது. ஆனாலும் வாய் திறக்கவில்லை.

பத்தாம் நாள் தீர்த்தவாரி முடிந்து, கொடியிறங்கி, காப்பு அவிழ்ந்தது. அதன் பின்னரே தலைவர் அவரைத் தனியே அழைத்துச் செய்தியைச் சொன்னார். குருக்கள் நெடுநேரம் பேசவில்லை. பின்னர் இவ்வளவே கூறினார்:

"காப்புக் கட்டிய கைக்குத் தீட்டு இல்லை, தலைவரே. அன்றே சொல்லியிருந்தாலும் அம்பாளை விட்டு நான் இறங்கியிருக்க மாட்டேன். ஆனால் எட்டாம் நாள் ஆயுள் ஆரோக்கியம் வேண்டிச் சங்கல்பம் செய்தேனே, அது யாருக்கு?"

அதற்கு மறுமொழி கூற எவராலும் இயலவில்லை. நிர்வாகம் தன் செலவிலேயே அவரை ஊருக்கு அனுப்பி வைத்தது. காரியங்களை முடித்துத் திரும்பி வந்து, ஒப்பந்த காலம் முழுவதும் குறைவின்றிப் பூசை செய்தார். ஆனால், ஊரிலிருந்து செய்தி உண்டா என்று அலுவலகத்தில் அவர் பிறகு ஒரு நாளும் கேட்டதில்லை. வாரந்தோறும் அஞ்சலகத்திற்குத் தாமே நடந்து சென்று பார்த்து வந்தார்.

துறவிக்கும் தாய் உண்டு

இறைபணிக்கு வந்தவர் குடும்பத்தை மறந்துவிட வேண்டும் என்று கருதுவோர் சிலர் உண்டு. நம் சமய வரலாறு அவ்வாறு கூறவில்லை. அனைத்தையும் துறந்த ஆதிசங்கரர், தாய்க்குக் கொடுத்த வாக்கின்படி காலடிக்குத் திரும்பி வந்து அவருடைய இறுதிக் கடனைச் செய்தார் என்பது வரலாறு. பட்டினத்தடிகளும் பச்சை வாழைமட்டையை அடுக்கித் தம் அன்னைக்குத் தீ மூட்டினார் என்று நாம் கேட்டிருக்கின்றோம்.

சுவாமி விவேகானந்தர் 1893-ஆம் ஆண்டு அமெரிக்கா செல்லும் முன்பு சென்னையில் தங்கியிருந்தார். அன்னையார் இறந்துவிட்டதாக ஒரு நாள் கனவு கண்டு மிகவும் கலங்கினார். கல்கத்தாவுக்குத் தந்தி அனுப்பப்பட்டது. அன்னையின் நலம் தெரியாமல் கடல் கடக்க அவருக்கு மனம் வரவில்லை. நலமாக இருக்கின்றார் என்ற செய்தி வந்த பின்னரே அவர் மனம் அமைதியுற்றது. அந்த ஆண்டு மே 31-ஆம் நாள் பம்பாயில் கப்பலேறிய சுவாமிகள், பினாங்கு, சிங்கப்பூர் வழியாகவே சென்றார். உலகமே வியந்த அந்தச் சமயப் பயணத்திற்கு முன்னே, ஒரு தாயைப் பற்றிய தந்தி நின்றது. அத்தகைய ஞானிக்கே அது தேவைப்பட்டதென்றால், நம் ஆலயத்தில் பணியாற்றும் இல்லறத்தாருக்குத் தேவைப்படுவதில் வியப்பென்ன?

கதவு அடைத்திருந்த காலம்

2020-ஆம் ஆண்டு மார்ச் மாதம் பெருந்தொற்றின் காரணமாக ஆலயங்கள் பக்தர்களுக்கு அடைக்கப்பட்டன. இந்தியாவுக்கான வழக்கமான விமானப் போக்குவரத்தும் நின்றுபோய், 2022-ஆம் ஆண்டு மார்ச் இறுதியில்தான் மீண்டும் தொடங்கியது. ஆளில்லாத ஆலயத்தில் குருக்கள்கள் கால பூசையை விடாமல் செய்தனர். ஊரில் பெற்றோரை இழந்த சிலர், இறுதிச் சடங்கைக் கைப்பேசித் திரையில் பார்த்தே நீராடினர். அன்று நிர்வாகத்தால் பயணச்சீட்டு எடுத்துத் தர இயலவில்லை. அருகில் அமர்ந்திருக்க மட்டுமே முடிந்தது. அதுவே பெரிய ஆறுதலாயிற்று.

காப்புக் கட்டும் முன் ஒரு கேள்வி

இன்று செய்தியை மறைப்பது எளிதன்று. ஆயினும் பூசை வேளையில் குருக்களின் கைப்பேசி அறையில் கிடக்கும். அழைப்பு அலுவலகத்திற்கே வரும். சில வேளைகளில், திருவிழா முடியும் வரை சொல்லாதீர்கள் என்று ஊரிலுள்ள குடும்பத்தாரே கேட்டுக்கொள்வதும் உண்டு. அப்போது என்ன செய்வது?

வழி எளியது. காப்புக் கட்டும் முன்பே குருக்களிடம் மரியாதையுடன் கேட்டுவிட வேண்டும்: "ஊரிலிருந்து செய்தி வந்தால், உடனே சொல்லலாமா, காப்பு அவிழ்த்த பின் சொல்லலாமா?" அவர் தம் மரபையும் தம் மனத்தையும் அறிந்து கூறும் விடையே முடிவானது. அவர் சார்பில் நிர்வாகம் முடிவு செய்தல் முறையன்று. குடும்பத்தாருக்கும் அந்த விடையை அவரே முன்கூட்டித் தெரிவித்துவிடலாம்.

இதனோடு வேறு சில ஏற்பாடுகளும் தேவை. பணியில் சேரும் நாளிலேயே ஊரில் தொடர்பு கொள்ள வேண்டியவரின் தொலைபேசி எண்ணைப் பதிவேட்டில் எழுதிக்கொள்ள வேண்டும். காப்புக் கட்டாத உதவிக் குருக்களுக்குச் செய்தி வந்தால், அவர் உடனே விலகி நிற்க நேரும். ஆகவே மாற்றுக் குருக்கள் ஒருவரை முன்னரே ஏற்பாடு செய்திருக்க வேண்டும். கடப்பிதழும் வேலை அனுமதியும் காலாவதியாகாமல் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். அவசரப் பயணத்திற்கென்று ஆலய நிதியில் ஒரு சிறு தொகையை ஒதுக்கி வைக்கலாம். அதற்கு உபயகாரர் ஒருவர் முன்வந்தால், அதுவும் ஓர் உபயமே. செய்தி சொல்லும் பொறுப்பை வயதில் மூத்த ஒருவரிடம் ஒப்படைத்து, சொன்ன பின்னும் அவர் உடனிருக்கும்படி செய்ய வேண்டும்.

துக்கச் செய்திக்கு மட்டுமன்று, மகிழ்ச்சிக்கும் இது பொருந்தும். குருக்களின் மகள் தேர்வில் தேறினாள் என்றால், தவில்காரருக்குப் பேரன் பிறந்தான் என்றால், அன்னதானக் கூடத்தில் நான்கு பேர் அறிய அதனைச் சொல்லி மகிழலாம். இங்கே உறவினர் இல்லாதவருக்கு ஆலயக் குடும்பமே உறவு.

இவ்வாண்டுத் திருவிழாவில் அர்ச்சனைத் தட்டை நீட்டித் தம் குடும்பத்தார் பெயர்களைச் சொல்லி முடித்த பின், பக்தப் பெருமக்கள் ஒரு கணம் தாமதித்து, "சாமி, ஊரில் அம்மா நலமா?" என்று ஒரு வார்த்தை கேட்கலாம். கேட்கும்போது, உண்மையான பதிலைக் கேட்கும் மனத்துடன் கேட்கலாம். தொண்டு செய்வோரையும் அவர்தம் குடும்பத்தாரையும் அன்னை பராசக்தி காத்தருள்வாளாக.