இரைச்சலுக்கு நடுவே ஒரு குரல்



திருக்கார்த்திகைத் தீபத்தன்று திருவண்ணாமலையில் எள் விழவும் இடமிராது என்பதை நீங்கள் அறிவீர்கள். சில ஆண்டுகளுக்கு முன் அந்த நாளில் நாங்கள் குடும்பத்துடன் மலையைச் சுற்றி வந்தோம். கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர் நீளமுடையது. அடி அண்ணாமலையை நெருங்கும்போது திரும்பிப் பார்த்தால், ஆயாவைக் காணோம்!

நல்ல வேளையாக ஆயாவின் சுருக்குப் பையில் ஒரு கைப்பேசி இருந்தது. அப்பா அழைத்தார். பல முறை இணைப்பே கிடைக்கவில்லை. கடைசியில் கிடைத்தபோது ஒரே கொரகொரப்பு. "எம்மா, எங்க இருக்க?" என்று அப்பா கத்தினார். அரைச் சொல்லும் கால் சொல்லுமாக வந்த பதிலில் "கோயில்" என்ற ஒன்றுதான் புரிந்தது. கிரிவலப் பாதையில் கோயிலுக்கா பஞ்சம்? ஒரு மணி நேரம் அலைந்து, ஆதி அருணாசலேசுவரர் கோயில் வாசலில் அவரைக் கண்டுபிடித்தோம். அம்மா அழுதேவிட்டார்.

கருவியில் பழுதில்லை. பின் ஏன் குரல் கேட்கவில்லை? இதை எங்கள் அறிவியல் ஆசிரியையிடம் கேட்டேன். அவர் விளக்கியதையும், பின்னர் நான் நூல்களில் படித்ததையும் இங்கே எழுதுகிறேன்.

தடை எங்கிருந்து வருகிறது?

கைப்பேசி என்பது சிறியதொரு வானொலி நிலையம். நம் குரலை அது மின்காந்த அலையாக மாற்றி, விநாடிக்கு 3 இலட்சம் கிலோமீட்டர் வேகத்தில் அனுப்புகிறது. அருகிலுள்ள செல்போன் கோபுரம் அதை வாங்கிக்கொள்கிறது. ஆனால் ஒரு கோபுரம் ஒரே சமயத்தில் இத்தனை பேருக்குத்தான் இடம் கொடுக்க முடியும் என்ற அளவு உண்டு. தீபத்தன்று அந்த இடமெல்லாம் நிரம்பிவிடுகிறது. இது நெரிசல்.

நெரிசல் வேறு, குறுக்கீடு வேறு. ஒரே அலைவரிசையில் வேறொருவருடைய அலையும் வந்து கலப்பது குறுக்கீடு. நம்முடைய அலையே நமக்குக் குறுக்கே நிற்பதும் உண்டு! நேராக வரும் அலை ஒன்று. மலைப் பாறையில் பட்டுத் திரும்பி, சற்றுத் தாமதமாக வரும் அலை மற்றொன்று. ஒன்றின் மேடும் மற்றொன்றின் பள்ளமும் ஒரே இடத்தில் சேர்ந்தால் இரண்டும் ஒன்றையொன்று அழித்துவிடும். 900 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறத்தாழ 33 சென்டிமீட்டர். ஆகவே ஒரு சாண் தள்ளி நின்றாலே குரல் தெளிவாவதும் உண்டு, மங்குவதும் உண்டு.

உரக்கப் பேசினால் போதுமா?

அலையின் வலிமையைக் கூட்டினால் என்ன என்று கேட்கலாம். ஆசிரியை இல்லாத வகுப்பறையை நினைத்துப் பாருங்கள். ஒருத்தி குரலை உயர்த்தினால் அடுத்தவளும் உயர்த்துகிறாள். முடிவில் யார் பேசுவதும் யாருக்கும் கேட்பதில்லை! ஆகவே, "எனக்குக் கேட்கும் அளவுக்கு மட்டும் பேசு" என்று கோபுரமே ஒவ்வொரு கைப்பேசிக்கும் இடைவிடாமல் கட்டளையிடுகிறது.

இரண்டாவது வழி, நிலத்தைச் சிறு சிறு வட்டாரங்களாகப் பிரிப்பது. அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் 1947-இல் தோன்றிய எண்ணம் இது. அடுத்தடுத்த வட்டாரங்களுக்கு வெவ்வேறு அலைவரிசை. தொலைவிலுள்ள வட்டாரத்திற்கு மீண்டும் பழைய அலைவரிசை. பெருங்கூட்டம் கூடும் இடங்களுக்கு வண்டியில் ஏற்றிய தற்காலிகக் கோபுரங்களைக் கொண்டு வருவதும், வட்டாரத்தை மேலும் சிறிதாக்கி நெரிசலைப் பகிர்வதற்கே.

மூன்றாவது வழியைக் கண்டவர்களுள் ஒருவர் பெண்மணி என்பது நமக்குப் பெருமை. ஹெடி லமார் என்ற திரைப்பட நடிகையும் ஜார்ஜ் ஆன்தைல் என்ற இசையமைப்பாளரும் 1942-இல் இதற்குக் காப்புரிமை பெற்றனர். பகைவர் ஓர் அலைவரிசையில் இடைஞ்சல் செய்தால் அடுத்ததற்குத் தாவு. அனுப்புபவரும் பெறுபவரும் ஒரே ஒழுங்கில் தாவினால் செய்தி தப்பிவிடும். பியானோவின் கட்டைகளைப் போல 88 அலைவரிசைகளை அவர்கள் எண்ணியிருந்தனர். அன்று அதை யாரும் பொருட்படுத்தவில்லை. இன்று புளூடூத் கருவிகள் விநாடிக்கு 1,600 முறை தாவுகின்றன!

பொள்ளாச்சி தந்த விஞ்ஞானி

எல்லாவற்றிலும் வியப்பான வழியைக் காட்டியவர் நம் தமிழ்நாட்டவர். 1944-இல் பொள்ளாச்சியில் பிறந்த ஆரோக்கியசாமி பால்ராஜ் இந்தியக் கடற்படையில் பணியாற்றினார். கடலின் பேரிரைச்சலில் நீர்மூழ்கிக் கப்பலின் மெல்லிய ஒலியைப் பிரித்தறியும் சோனார் கருவியை உருவாக்கும் குழுவுக்குத் தலைமை வகித்தார். பின்னர் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்திற்குச் சென்றார். அங்கே ஒரே அலைவரிசையில் வரும் இரு அலைகளைப் பிரிக்கும் சோதனையில் ஒரு புதுமையைக் கண்டார். அலைகள் பல இடங்களில் பட்டுச் சிதறிவந்தபோது, பிரிப்பது எளிதாயிற்று!

இது எப்படி? நாம் படித்த கணக்கே போதும். கோபுரத்தில் இரண்டு ஆண்டெனாக்கள், கருவியிலும் இரண்டு. கோபுரம் x, y என்ற இரு செய்திகளை ஒரே அலைவரிசையில் அனுப்புகிறது. ஒவ்வோர் ஆண்டெனாவுக்கும் கிடைப்பது கலவையே. முதலாவதற்கு x + y = 10; இரண்டாவதற்கு x – y = 4 என்று வைத்துக்கொள்வோம். உடனே x = 7, y = 3 என்பீர்கள். இரண்டாவதற்கு 2x + 2y = 20 என்று கிடைத்தால்? இரண்டும் ஒரே சமன்பாடுதான்; விடை காண இயலாது. அலைகள் தடையின்றி நேராகவே வந்தால் இரு கலவைகளும் பெரும்பாலும் ஒன்றுபோல் இருந்துவிடும். மலையிலும் சுவரிலும் பட்டு, பல வழிகளில் வந்தால்தான் கலவைகள் வேறுபடும், கணக்கும் விடைகொடுக்கும்.

இம்முறைக்கு 1992-இல் விண்ணப்பித்த காப்புரிமை 1994-இல் கிடைத்தது. பேராசிரியர் தாமஸ் கைலத் உடன் கண்டறிந்தவராக அதில் இடம்பெற்றார். "மைமோ" எனப்படும் இம்முறை இன்று வைஃபையிலும், 4ஜி, 5ஜி கைப்பேசிகளிலும் பயன்படுகிறது. பால்ராஜுக்கு 2010-இல் பத்மபூஷண் விருதும், 2014-இல் மார்க்கோனி பரிசும் வழங்கப்பெற்றன.

தோழியரே! ஆயாவின் குரலைச் சிதறடித்ததில் மலைக்கும் பங்கு இருந்திருக்கலாம். அதே மலையின் எதிரொலியைத் துணையாகக் கொள்ளவும் வழி உண்டு என்பதை நினைக்க நினைக்க எனக்கு வியப்பாக இருக்கிறது. கத்திப் பேசுவதால் இரைச்சல் வெல்லப்படுவதில்லை. அளவோடு பேசி, இடம் விட்டு, ஒன்றுக்கு மேற்பட்ட செவிகளால் உற்றுக் கேட்பதாலேயே வெல்லப்படுகிறது.

ஆனாலும் கருவியை மட்டும் நம்பியிருத்தல் ஆகாது. இப்போதெல்லாம் நாங்கள் புறப்படுமுன் சந்திக்கும் இடத்தைப் பேசிவைத்துக்கொள்கிறோம். இணைப்புக் கிடைக்காவிட்டால் மீண்டும் மீண்டும் அழைக்காமல் குறுஞ்செய்தி அனுப்புகிறோம். சில அடி தள்ளி நின்று பார்க்கிறோம். ஆயாவோ இவை எதையும் நம்புவதில்லை. நடக்கத் தொடங்கியதும் என் கையை இறுகப் பிடித்துக்கொள்கிறார்!