நீலத் தோல் மட்டும் போதுமா?

அல்லிநகரத்திலிருந்து மேற்கே பார்த்தால் மலை. மலைக்கு அப்பால் கேரளம். பிழைப்புக்காக அம்மலையைக் கடந்தவர்கள் நம் பள்ளத்தாக்கில் ஏராளம். என் தாய்மாமனும் அவர்களுள் ஒருவர். வைக்கத்தருகே ஒரு படகுப் பட்டறையில் வேலை பார்க்கிறார். ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்ட அவருடைய கூலியில்தான், எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதித்த நான் படிக்கிறேன்.

1924-ஆம் ஆண்டுப் போராட்டத்தால் நாம் அறிந்த வைக்கம் இன்னொன்றுக்கும் பெயர் பெற்றது. 2017 ஜனவரியில் அங்கிருந்து தவணக்கடவுக்கு ‘ஆதித்யா’ என்னும் சூரிய மின்படகு ஓடத் தொடங்கியது. 75 பயணிகளை ஏற்றவல்ல அப்படகில், கதிரொளி தந்த மின்சாரத்தைச் சேமித்து வைத்தவை லித்தியம் மின்கலங்கள். இன்று சிறு படகுக்காரர்களும் அத்தகைய மின்கல அடுக்கைக் கேட்கிறார்கள்.

சென்ற விடுமுறையில், ஓடிப் பழகிய ஓர் அடுக்கை மாமா பிரித்து மீண்டும் கட்டுவதை அருகிருந்து பார்த்தேன். செங்கல் வடிவில் 16 செல்கள். அவற்றை ஒன்றோடொன்று ஒட்டி வைத்தார். “நடுவே காப்புத் தகடு வைக்க வேண்டாமா மாமா?” என்றேன்.

“நீலத் தோலுதான் இருக்குல்ல மாப்ள, இன்னொரு சட்டை எதுக்கு?” என்றார்.

நண்பர்களே, இக்கேள்விக்கு விடை காண்போம். இவை லித்தியம் இரும்பு பாஸ்பேட் செல்கள். இப்பொருள் மின்கலத்திற்கு உகந்தது என்பதை 1997-இல் பாதி, நஞ்சுண்டசாமி, குடினஃப் முதலானோர் வெளியிட்டனர். செல் ஒன்றின் மின்னழுத்தம் 3.2 வோல்ட், 16 செல்களைத் தொடராக இணைத்தால் 51.2 வோல்ட். செல்லின் உறையோ அலுமினியம். பல செல்களில் அவ்வுறை நேர்முனையோடு நேராகவோ ஒரு தடை வழியாகவோ தொடர்பு கொண்டிருக்கும். எனவே அடுத்தடுத்த இரு உறைகளுக்கிடையே 3.2 வோல்ட் வேறுபாடு உண்டு. இடையில் நிற்பது அந்த மெல்லிய நீலப் பிளாஸ்டிக் மட்டுமே!

3.2 வோல்ட் அற்பமன்றோ எனலாம். ஓம் விதியைக் கேளுங்கள். பாதையின் மொத்தத் தடை ஓர் ஓமில் ஆயிரத்தில் ஒரு பங்கானால், பாயும் மின்னோட்டம் 3200 ஆம்பியர்! இரும்பே உருகும். தடை வழியாக இணைந்த உறையில் ஓட்டம் சிறிதே. ஆயினும் ஈரத்தில் உறை அரிக்கும். படகிலோ எஞ்சின் அதிர்வும் அலையின் ஆட்டமும் ஓய்வதில்லை. செல்லும் மின்னேற்றத்தின்போது சற்றே உப்பி, இறங்கும்போது சுருங்கும். இடையில் ஒரு மணற்துகள் அகப்பட்டால் அதுவே அரம்.

ஆதலின் செய்ய வேண்டியவை:

ஒவ்வொரு செல்லுக்கிடையிலும், அதன் பக்கம் முழுதும் மறையுமாறு, எபாக்சி கண்ணாடியிழைத் தகடு வைக்க வேண்டும். அடியிலும் பெட்டியின் உட்சுவரிலும் அதுவே. அட்டையும் ஒட்டுப்பலகையும் ஆகா; ஈரத்தை உறிஞ்சும், தீயும் பற்றும்.

செல்கள் அசையாதபடி இரு முனைப் பலகைகளால் பிடிக்க வேண்டும், நசுக்கலாகாது.

இணைப்புத் தகடுகளின் மேல் மின் கடத்தா மூடி வேண்டும். ஆனால் செல்லின் மேலுள்ள வாயு வெளியேறும் துளையை அடைக்கவே கூடாது.

நேர்முனையருகே உருகி வேண்டும். ஆனால் உறைகள் தம்முள் உரசும் குறுக்குச்சுற்றை அது தடுக்காது; அங்குத் தகடே காவல்.

வேலையின்போது மோதிரம், கடிகாரம் கூடாது. ஸ்பேனரின் பிடிக்குக் காப்பு நாடா சுற்ற வேண்டும்.

இவற்றைச் சொல்லி முடித்தேன். மாமா பேசவில்லை. ஒவ்வொரு செல்லாக எடுத்து வெளிச்சத்தில் திருப்பினார். ஒன்பதாவது செல்லின் கீழ்விளிம்பில் நகக்கண் அளவு தோல் தேய்ந்து அலுமினியம் பளபளத்தது. அதைத் தனியே வைத்துவிட்டு, “தகடு எங்க கிடைக்கும் மாப்ள?” என்று சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

நம் ஊரிலும் மின்வண்டியும் லித்தியம் இன்வெர்ட்டரும் வந்துவிட்டன. அவற்றைப் பழுது பார்க்கும் கைகள் பெரும்பாலும் நம் தந்தையர், மாமன்மாருடைய கைகளே. வகுப்பறையில் நாம் கற்ற ஓம் விதி தேர்வுத்தாளோடு நின்றுவிடலாமா? நம்மைப் படிக்க வைக்கும் அந்தக் கைகளைக் காக்க, அது வீடுவரை செல்லட்டும்.