மின்சாரக் காரின் டயர் ஒருபக்கம் தேய்வது ஏன்?

நமது வணிக நண்பர்கள் பலர் இன்று மின்சாரக் கார் வைத்திருக்கிறார்கள். காலையில் மண்டிக்கும் மாலையில் வசூலுக்கும் ஓடும் வண்டிக்கு பெட்ரோல் செலவு இல்லை என்பது நல்ல லாபம்தான். ஆனால் அந்த லாபத்தில் ஒரு பங்கை டயர் சத்தமில்லாமல் தின்றுவிடுகிறது.

மளிகைக்கடை நண்பர் ஒருவர், குடும்பத்தோடு வெளியூர் கிளம்புவதற்கு முதல் நாள் பஞ்சர் ஒட்டப் போனார். வெளிப்பக்கம் நன்றாகத்தான் இருந்தது. டயரைக் கழற்றிப் பார்த்தால், உள்ஓரம் முழுவதும் தேய்ந்து கம்பி தெரிந்தது! பஞ்சர் ஆகாமல் இருந்திருந்தால், மறுநாள் அந்த டயரோடுதான் நெடுஞ்சாலையில் போயிருப்பார்.

காரணம் என்ன?

மின்சாரக் காரின் தரைக்கு அடியில் கனமான பேட்டரி இருக்கிறது. இதனால் அதே அளவு பெட்ரோல் காரைவிட எடை நூறு, இருநூறு கிலோ கூடும். பெரிய கார்களில் அதற்கு மேலும் போகும். அடுத்தது இழுவிசை. 2020-ல் வந்த நெக்ஸான் மின்சாரக் காரின் இழுவிசை 245 நியூட்டன் மீட்டர். பெட்ரோல் நெக்ஸானுக்கு 170. மிதித்த உடனே அந்த வேகம் சக்கரத்துக்கு வந்துவிடும். காலை எடுத்தால், மோட்டாரே வேகத்தைக் குறைத்து பேட்டரிக்குக் கொஞ்சம் மின்சாரம் ஏற்றுகிறது. அந்தச் சுமையும் மோட்டார் இழுக்கும் சக்கரங்களின் மேல்தான் விழுகிறது.

இவையெல்லாம் டயரைச் சீக்கிரம் தேய்க்கும். ஒருபக்கமாகத் தேய்ப்பது சக்கரத்தின் கோணம். மேலிருந்து பார்க்கையில் சக்கரம் உள்ளே அல்லது வெளியே திரும்பியிருப்பதை 'டோ' என்கிறார்கள். முன்னிருந்து பார்க்கையில் சாய்ந்திருப்பதை 'கேம்பர்' என்கிறார்கள். டோ ஒரே ஒரு டிகிரி தவறினால், ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் சுமார் 17 மீட்டர் அளவுக்கு டயர் பக்கவாட்டில் உரசியபடி போகிறது. எடை கூடிய வண்டியில் இந்த உரசல் இன்னும் கடுமை.

டயரே சொல்லும்

இரண்டு ஓரமும் தேய்ந்தால் காற்று குறைவு. நடுப்பகுதி மட்டும் தேய்ந்தால் காற்று அதிகம். ஒரே ஓரம் தேய்ந்தால் கோணக் கோளாறு. கையால் தடவும்போது ரம்பப்பல் போல் உறுத்தினால் பெரும்பாலும் டோ. அங்கங்கே குழி விழுந்தால் ஷாக் அப்சார்பரையும் பேலன்சிங்கையும் பாருங்கள். பள்ளத்தின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்கு வந்துவிட்டால் டயரை மாற்றியே ஆக வேண்டும்.

கவனிக்க வேண்டியவை

1. பெட்ரோல் கார் ஆயில் மாற்றப் போகும்போது மெக்கானிக் டயரையும் ஒரு பார்வை பார்த்துவிடுவார். மின்சாரக் காருக்கு ஆயில் மாற்றும் வேலை இல்லை. அந்தப் பார்வையும் இல்லாமல் போய்விடுகிறது. எனவே மாதம் ஒரு முறை ஸ்டியரிங்கை முழுவதும் திருப்பி முன் டயர்களின் உள்ஓரத்தை நாமே பார்க்க வேண்டும். பின் டயர்களைக் குனிந்து டார்ச் அடித்துப் பார்க்கலாம்.

2. சுமார் 10,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை அலைன்மென்ட் பார்த்து, டயர்களை இடம் மாற்றுங்கள். பெரிய பள்ளத்தில் விழுந்தால் அதுவரை காத்திருக்க வேண்டாம்.

3. நான்கு சக்கரத்தையும் அளக்கச் சொல்லுங்கள். பின்சக்கரங்களுக்குத் தனித்தனி சஸ்பென்ஷன் உள்ள கார்களில் பின்னாலும் கோணம் தவறும். டிக்கியில் அரிசிச் சிப்பங்களை அடுக்கினால் பின்புறம் தாழ்ந்து கோணம் மேலும் மாறும். முன்னும் பின்னும் எடுத்த அளவுச் சீட்டைக் கேட்டு வாங்குங்கள்.

4. புஷ், பால் ஜாயின்ட், டை ராட் ஆகியவற்றில் ஆட்டம் இருந்தால் முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும். இல்லாவிட்டால் அலைன்மென்ட் நிற்காது. கொடுத்த பணம் வீண்.

5. ஜாக்கியைக் கையேட்டில் காட்டிய இடத்தில் மட்டும் வையுங்கள். பேட்டரிப் பெட்டியின் அடியில் வைத்தால், டயர் செலவை மிச்சம் பிடிக்கப் போய் பேட்டரிக்குச் செலவு வந்து சேரும்.

6. விலை குறைவு என்று சுமை எண் குறைந்த டயரைப் போடாதீர்கள். டயரின் பக்கத்தில் 91 என்றிருந்தால் அது 615 கிலோ தாங்கும். 94 என்றால் 670 கிலோ. கம்பெனி பொருத்திய எண்ணுக்குக் குறையக் கூடாது.

கடைத் தராசு சரியாகத்தான் நிற்கிறது என்று நமக்குத் தோன்றினாலும், காலாகாலத்தில் முத்திரை வைக்கத் தவறுவதில்லை. நம் குடும்பத்தைச் சுமந்து ஓடும் நான்கு சக்கரத்துக்கும் அந்தக் கவனம் வேண்டும்.