குடகு வீட்டுச் சுவரில் துப்பாக்கி

தமிழகத்துக்குக் காவிரியைத் தரும் குடகு மலைநாட்டில், கொடவர்களின் பழைய வீடுகளில் துப்பாக்கியும் கத்தியும் சுவரில் இடம்பெற்றிருப்பது புதுமையான காட்சியன்று. அவற்றை விருந்தினர் வியப்பதற்காக மாட்டப்பட்ட அலங்காரப் பொருள்கள் என்று கருதுவது தவறு. அவை குடும்பம் முழுமைக்கும் உரியவை, ஆண்டுதோறும் வழிபடப்படுபவை, நாட்டின் ஆயுதச் சட்டமே தனி விலக்கு அளித்து ஏற்றுக்கொண்டவை. முன்னோரின் ஆயுதத்தை வீட்டில் காட்சிக்கு வைப்பது எப்போது பொருளுடையதாகிறது என்பதை அறிய, இந்தியாவில் குடகைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

கொடவ சமூகத்தின் அடிப்படை அலகு ‘ஒக்கா’ ஆகும்; ஒரே மூதாதையிடமிருந்து தந்தைவழியில் கிளைத்த பெருங்குடும்பத்தை இச்சொல் குறிக்கிறது. ஒக்காவின் பூர்விக வீடு ‘ஐன்மனை’ எனப்படும். அதன் நடுக்கூடத்தில் குலவிளக்கு எரிய, தென்மேற்கு மூலையிலுள்ள ‘கன்னிக் கொம்பரெ’ என்னும் அறையில் மூதாதையர் வழிபாடு நடைபெறும். இவ்வீடுகளில் காக்கப்படும் ஆயுதங்களுள் துப்பாக்கியைத் தவிர இரண்டு கத்திகள் குறிப்பிடத்தக்கவை. ‘ஒடிக்கத்தி’ என்பது அகன்று வளைந்த அலகுடைய போர்க்கத்தி. முதுகுப்புறத்தில் ‘தொடங்கு’ என்னும் உலோகப் பிடிப்பில் அது செருகப்படும். ‘பீச்சேக்கத்தி’ என்பது வேலைப்பாடு மிக்க உறையில் வைத்து, இடுப்புக் கச்சையின் முன்புறம் அணியப்படும் குறுவாள்.

இவ்வாயுதங்களுக்குரிய திருவிழா ‘கைல்போது’. நாற்று நடவு முடியும்வரை உழவில் ஈடுபட்டிருந்த ஆண்கள் மீண்டும் ஆயுதம் ஏந்தும் நாளாக, பெரும்பாலும் செப்டம்பர் முதல் வாரத்தில் இது கொண்டாடப்படுகிறது. அன்று துப்பாக்கிகளும் கத்திகளும் துடைத்துத் தூய்மை செய்யப்பட்டு, விளக்கின் முன் வரிசையாக வைக்கப்பட்டு, சந்தனமிட்டு வழிபடப்படுகின்றன. துப்பாக்கியின் குழல்முனையில் ‘தோக்குப்பூ’ செருகப்படுகிறது. தமிழ்நாட்டின் மாநில மலரான செங்காந்தளே இந்தத் தோக்குப்பூ. சிவப்பும் மஞ்சளுமாக மேல்நோக்கி வளைந்த அதன் இதழ்கள் கருத்த குழலின் முனையில் தீச்சுடர்போல் நிற்பதைக் காண்பவர், ஆயுதம் அங்கே வெறும் கருவியாகப் பார்க்கப்படவில்லை என்பதை உணர்வர். வழிபாடு முடிந்தபின் ஊர்ப் பொதுவெளியில் ஆண்கள் கூடி, உயர்ந்த மரத்தில் கட்டிய தேங்காயைக் குறிபார்த்துச் சுடும் போட்டியில் ஈடுபடுகின்றனர்.

கொடவர் வாழ்வின் பிற தருணங்களிலும் துப்பாக்கி ஒலிக்கிறது. ஆண் குழந்தை பிறந்ததை ஒரு வெடியும், இறப்பை இரண்டு வெடிகளும் ஊருக்கு அறிவிப்பது மரபு. ‘புத்தரி’ என்னும் அறுவடைத் திருநாளில் முதல் நெற்கதிர் அறுக்கப்படும்போதும் வானை நோக்கிச் சுடுவர்.

இம்மரபு நிலைத்ததற்குச் சட்டமும் காரணமாகும். குடகு மன்னர்கள் படைப்பணிக்கு ஈடாகப் பரம்பரை உரிமையுடன் வழங்கிய நிலம் ‘ஜம்மா’ எனப்படும். 1834-இல் குடகைக் கைப்பற்றிய ஆங்கிலேயர், 1857 எழுச்சிக்குப் பின் மக்களிடமிருந்து ஆயுதங்களைப் பறிக்கச் சட்டம் இயற்றியபோது, அச்சட்டம் குடகு மக்களுக்குப் பொருந்தாது என்று ஆணையர் மார்க் கப்பன் 1861-இல் அறிவித்தார். விடுதலைக்குப் பின் வந்த 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் கீழும் கொடவர்களுக்கும் ஜம்மா நில உரிமையாளர்களுக்கும் உரிமம் பெறுவதிலிருந்து விலக்கு தொடர்ந்தது. மத்திய அரசு 2019-இல் அதை 2029 வரை நீட்டித்தது. அதை எதிர்த்துத் தொடரப்பட்ட வழக்கில் கர்நாடக உயர்நீதிமன்றம் 2021-இல் விலக்கு செல்லும் என்று தீர்ப்பளித்தது.

இந்தியாவின் பிற பகுதிகளில், தந்தையோ பாட்டனோ விட்டுச்சென்ற துப்பாக்கி என்பதனாலேயே அது வாரிசின் கைக்கு வந்துவிடாது. வாரிசு தம் பெயரில் உரிமம் பெற்றாக வேண்டும். 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி ஒருவர் பொதுவாக இரண்டு துப்பாக்கிகளுக்கு மேல் வைத்திருக்க இயலாது. பரம்பரையாக வருபவற்றுக்கும் இவ்வரம்பு உண்டு. பழுது பார்த்தாலும் சுட இயலாத நிலையிலுள்ள பழங்காலத் துப்பாக்கிகளுக்குச் சட்டம் விலக்கு அளிக்கிறது.

படைவீரர் பணிக்காலத்தில் ஏந்திய ரைஃபிள், அதாவது குண்டு சுழன்று நேராகப் பாயும்படி குழலின் உட்புறம் சுருள் வரிகள் வெட்டப்பட்ட துப்பாக்கி, அரசின் உடைமையாகும். ஆகவே படைக் குடும்பங்களுக்கு எஞ்சுவன பெரும்பாலும் பதக்கங்களும் சீருடையும் ஒளிப்படங்களுமே. சுதந்திர இந்தியப் படையின் முதல் இந்தியத் தலைமைத் தளபதியான கரியப்பாவையும், 1957 முதல் 1961 வரை தரைப்படைத் தலைமைத் தளபதியாக இருந்த திம்மையாவையும் தந்த குடகில், மடிக்கேரியிலுள்ள திம்மையாவின் இளமைக்கால இல்லம் 2021-இல் நினைவு அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டு, ஒரு குடும்பத்தின் நினைவு பொதுச் சொத்தாக மாறியிருக்கிறது.

இத்தகைய பொருள்களைக் காட்சிக்கு வைப்போர் முதலில் கவனிக்க வேண்டியது பாதுகாப்பு. முகவாய் வழியே மருந்து திணிக்கும் பழைய துப்பாக்கிகளுள் சில, தலைமுறைகளுக்கு முன் திணித்த மருந்துடனே கிடப்பதுண்டு; ஆதலால் உரிமம் பெற்ற பழுதுநீக்குநர் சோதித்த பின்னரே அவற்றைத் தொட வேண்டும். சுடக்கூடிய துப்பாக்கியைச் சிறுவர் கைக்கெட்டாதபடி பூட்டிவைப்பதும், தோட்டாக்களைத் தனியே வைப்பதும் இன்றியமையாதவை. அடுத்தது பராமரிப்பு. விரல் வியர்வையின் உப்பு இரும்பில் துருவை உண்டாக்குவதால் பருத்திக் கையுறை அணிந்தே கையாள வேண்டும். மழையில் ஈரம் ஊறும் வெளிச்சுவரில் மாட்டாமல், துணி சுற்றிய கொக்கிகளில் உட்சுவரில் மாட்ட வேண்டும். பதக்கத்தின் பட்டி வெயிலில் நிறமிழக்கும். பளபளப்புக்காக அடிக்கடி தேய்த்தாலோ, பழைய பதக்கங்களின் விளிம்பில் பொறித்த வீரரின் பெயரும் படையெண்ணும் அழிந்துபோகும்.

அந்தப் பெயர் அழிந்தால் பதக்கம் யாருடையது என்று சொல்ல வழியில்லை. கதை மறந்தால் துப்பாக்கிக்கும் அந்நிலையே நேரும். ஒக்காவின் உறவினர் ஆண்டுக்கு ஒருமுறை கூடித் துடைத்து வழிபடுவதால்தான், குடகில் ஆயுதமும் அதை ஏந்தியவரின் வரலாறும் ஒன்றாகவே கைமாறுகின்றன. அத்தகைய விழா இல்லாத குடும்பங்கள், யார் ஏந்தியது, எந்தப் படையில், எந்த ஆண்டில் என்பவற்றை மூத்தோர் இருக்கும்போதே கேட்டு எழுதி, அப்பொருளுடன் சேர்த்து வைக்க வேண்டும். சட்டம், பராமரிப்பு, வரலாறு ஆகிய மூன்றையும் பேணும் குடும்பமே முன்னோரின் ஆயுதத்தைச் சுவரில் மாட்டும் தகுதியைப் பெறுகிறது.